மரத்தூளில் இருந்து வீரியக் கரி

கரி நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள். அடுப்பில் கரி இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் கரி இருக்கிறது. கொல்லன் உலையிலும் கரிதான் எரிகிறது.

இன்னொரு வகைக் கரியும் உண்டு. அதை யாரும் எரிப்பதில்லை. அது அழுக்கைப் பிடிக்கும். நாற்றத்தைப் பிடிக்கும். நிறத்தைப் பிடிக்கும். சில விஷங்களையும் பிடிக்கும். குடிநீர் வடிகட்டியில் கறுப்பாக இருப்பது இந்தக் கரிதான். மருத்துவமனையிலும் இது இருக்கிறது. மருந்து செய்யும் ஆலையிலும் இருக்கிறது.

கடைக்காரர் இதை 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்பார். பள்ளிப் புத்தகத்தில் 'கிளர்வூட்டப்பட்ட கரி' என்று இருக்கும். வீரிய விதை என்கிறோம் அல்லவா? அதுபோல இந்தப் பாடத்தில் 'வீரியக் கரி' என்று அழைக்கலாம்.

இது எப்படி வேலை செய்கிறது? மரத்தூளில் இருந்து எப்படிச் செய்கிறார்கள்? இதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு சிட்டிகைக்குள் கால் ஏக்கர்

ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளித்தோல் மட்டுமே பரப்பு. அதை இரண்டாக வெட்டினால் இரண்டு புதிய முகங்கள் தெரியும. நான்காக வெட்டினால் இன்னும் கூடும். வெட்ட வெட்டப் பரப்பு கூடிக்கொண்டே போகும். ஆனால் எடை கூடாது.

வீரியக் கரியிலும் இதுதான் நடக்கிறது. அதன் உள்ளே கோடிக்கணக்கான துளைகள். பெரிய துளைகள் தெருக்களைப் போல. அவற்றில் இருந்து சந்துகள் பிரியும். சந்துகளில் இருந்து முடுக்குகள் பிரியும். கடைசித் துளைகள் மிக மிகச் சிறியவை. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

இந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு இடம் வரும்? நல்ல வீரியக் கரி 1 கிராமுக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். அது ஏறக்குறைய கால் ஏக்கர். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் கால் ஏக்கர் நிலம் மடித்து வைத்ததுபோல.

அந்தச் சுவர்களில்தான் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு. இது வேறு. சுவரில் தூசி படிவதுபோல, கரியின் சுவரில் நிறமும் நாற்றமும் படிகின்றன. இதற்குப் 'பரப்புக் கவர்ச்சி' என்று பெயர். பரப்பு கூடினால் பிடிக்கும் சக்தியும் கூடும்.

அடுப்புக் கரியிலும் துளைகள் உண்டு. ஆனால் பல துளைகள் அடைபட்டுக் கிடக்கும். மரம் எரியும்போது வரும் தார் அவற்றை அடைத்துவிடும். அதனால் அடுப்புக் கரிக்குப் பிடிக்கும் சக்தி குறைவு.

இந்த அறிவு எப்படி வந்தது?

கரி நிறத்தை எடுக்கும் என்பது பழைய செய்தி. 1785-ல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற வேதியியல் அறிஞர் இதைக் கண்டு எழுதினார். கலங்கிய கரைசலில் கரித்தூளைப் போட்டார். கரைசல் தெளிந்தது.

பிறகு ஐரோப்பாவின் சர்க்கரை ஆலைகள் கரியைப் பயன்படுத்தின. மாட்டு எலும்பைச் சுட்டு எடுத்த கரியும் அதில் சேர்ந்தது. இந்தச் செய்தி நம் நாட்டுக்கும் வந்தது. 1905-ல் சுதேசி இயக்கம் எழுந்தது. அப்போது பலர் வெளிநாட்டுச் சர்க்கரையைத் தொட மறுத்தார்கள். அது எலும்புக் கரியால் வெளுக்கப்பட்டது என்பதும் ஒரு காரணம்.

1900-ஐ ஒட்டி ஆஸ்ட்ரெய்கோ என்பவர் கரிக்கு வீரியம் ஏற்றும் வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1915-ல் முதல் உலகப் போரில் விஷவாயு வீசப்பட்டது. அப்போது படைவீரர்களின் முகமூடியில் கரியை வைத்தார்கள். அதன்பின் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது.

வீரியம் ஏற்ற இரண்டு வழிகள்

முதல் வழி நீராவி வழி. முதலில் கரி சுடுவார்கள். பிறகு அந்தக் கரியை மிகுந்த சூட்டில் வைத்து நீராவியைச் செலுத்துவார்கள். சூடு 800 முதல் 1000 டிகிரி வரை இருக்கும். நீராவி கரியை உள்ளே அரித்துத் துளை போடும். தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு இந்த வழிதான் வழக்கம். கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய தென்னை மாநிலங்களில் இந்தத் தொழில் இருக்கிறது.

இரண்டாவது வழி ரசாயன வழி. மரத்துக்கு இந்த வழி மிகவும் ஏற்றது. இதில் கரி சுடுவதும் வீரியம் ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சூடும் குறைவு. 400 முதல் 500 டிகிரி போதும்.

உப்பும் களிமண்ணும்

ரசாயன வழி எப்படித் துளை போடுகிறது? ஓர் எளிய உதாரணம் பார்ப்போம்.

களிமண்ணில் கல் உப்பைக் கலந்து ஓர் உருண்டை பிடிக்கிறோம். அதைக் காய வைத்துச் சூளையில் சுடுகிறோம். பிறகு தண்ணீரில் ஊற வைக்கிறோம். உப்பு கரைந்து வெளியே போய்விடும். உப்பு இருந்த இடம் எல்லாம் ஓட்டையாகிவிடும்.

மரத்திலும் இதுதான் நடக்கிறது. இங்கே உப்புக்குப் பதில் அமிலம். அதன் பெயர் பாஸ்பாரிக் அமிலம். அமிலம் மரத்தின் நாருக்குள் ஊறிப் போய் உட்காரும். சூடாக்கும்போது மரம் கரியாகும். அமிலம் தன் இடத்தை விடாது. கடைசியில் கழுவும்போது அமிலம் வெளியேறும். அது இருந்த இடம் துளையாக நிற்கும்.

அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது. அது மரத்தில் உள்ள நீரைப் பிரித்து எடுக்கிறது. தார் உண்டாவதைத் தடுக்கிறது. தார் இல்லாததால் துளை அடைபடாது. அதனால்தான் குறைந்த சூட்டிலேயே நல்ல கரி கிடைக்கிறது. 1 கிலோ உலர்ந்த மரத்தூளுக்கு, மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதிக்குள் கரி கிடைக்கும்.

முன்பு துத்தநாகக் குளோரைடு என்ற உப்பையும் இதற்கு நிறையப் பயன்படுத்தினார்கள். அதில் கரியிலும் கழிவு நீரிலும் துத்தநாகம் தங்கிவிடும். அதனால் பல ஆலைகள் அமில வழிக்கு மாறிவிட்டன.

ஆலையில் நடப்பது என்ன?

ஹரியானாவில் யமுனாநகர் என்ற ஊர் இருக்கிறது. பிளைவுட் பலகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். கேரளத்தில் கோழிக்கோட்டை ஒட்டிக் கல்லாய் இருக்கிறது. பழைய மர வணிக ஊர். இதுபோல் மரம் அறுக்கும் இடங்களில் எல்லாம் மரத்தூள் குவியும். பல இடங்களில் அதை வீணாக எரித்துவிடுகிறார்கள். அந்தத் தூள்தான் வீரியக் கரிக்கு மூலப்பொருள்.

வேலை இந்த வரிசையில் நடக்கும்.

1. சலித்தல்: மரத்தூளைச் சலிப்பார்கள். மண், ஆணி, மரப்பட்டை ஆகியவற்றை நீக்குவார்கள். பெயின்ட் அடித்த மரத்தின் தூள் ஆகாது.

2. உலர்த்துதல்: ஈரம் இருந்தால் அமிலம் நீர்த்துப் போகும். எனவே தூளை நன்றாக உலர்த்துவார்கள்.

3. ஊற வைத்தல்: அமிலத்தைக் கலந்து பிசைவார்கள். தூளின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ அமிலம் வேண்டும். சில மணி நேரம் ஊறும். தூள் கறுத்துக் களிபோல ஆகும்.

4. சுடுதல்: சுழலும் நீண்ட உருளை உலையில் போடுவார்கள். உள்ளே காற்று அதிகம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். காற்று அதிகம் போனால் கரி எரிந்து சாம்பலாகிவிடும்.

5. கழுவுதல்: ஆறிய பிறகு தண்ணீரால் பல முறை கழுவுவார்கள். வெளியே வரும் அமிலத்தைச் சேர்த்து வைப்பார்கள். அதைக் காய்ச்சி மறுபடியும் பயன்படுத்துவார்கள். அமிலம் விலை உள்ள பொருள். அதை வீணாக்கினால் ஆலைக்கு நட்டம். ஊருக்கும் கேடு.

6. உலர்த்தி அரைத்தல்: கழுவிய கரியை உலர்த்துவார்கள். தேவைக்கு ஏற்ப அரைத்து மூட்டை கட்டுவார்கள்.

7. சோதித்தல்: கரிக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மெத்திலீன் நீலம் என்ற சாயத் தண்ணீரில் கரியைப் போடுவார்கள். எவ்வளவு நீலத்தைக் கரி பிடித்தது என்று அளப்பார்கள். அயோடினைக் கொண்டும் சோதிப்பார்கள்.

மரக் கரியா, சிரட்டைக் கரியா?

இரண்டும் நல்ல கரிதான். வேலைதான் வேறு.

சிரட்டைக் கரியில் துளைகள் மிகச் சிறியவை. கரி கெட்டியாகவும் இருக்கும். வாயுவையும் நாற்றத்தையும் பிடிக்க ஏற்றது. வீட்டு வடிகட்டிகளில் பெரும்பாலும் இதைக் காணலாம்.

அமில வழியில் செய்த மரக் கரியில் துளைகள் கொஞ்சம் அகலம். நிறம் தரும் பொருள்களின் துகள்கள் பெரியவை. அவை முடுக்குக்குள் நுழையாது. தெரு வேண்டும். அதனால் குளுக்கோஸ், பழச்சாறு, மருந்து ஆகியவற்றின் நிறத்தை எடுக்க மரக் கரி ஏற்றது.

குடிநீரில் எதைப் பிடிக்கும்? எதைப் பிடிக்காது?

இதுதான் நமக்கு மிகவும் முக்கியம். வடிகட்டி வாங்கிவிட்டால் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

வீரியக் கரி பிடிப்பவை:
குளோரின் வாசனை.
கெட்ட நாற்றம், கெட்ட சுவை.
பழுப்பு நிறம்.
பல வகைப் பூச்சிமருந்துகள்.

வீரியக் கரி பிடிக்காதவை:
உப்பு.
தண்ணீரின் கடினத் தன்மை.
புளோரைடு.
உர நைட்ரேட்.
நோய்க் கிருமிகள்.

2003-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஆய்வுகளை வெளியிட்டது. பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து மிச்சம் இருந்தது என்று அது சொன்னது. நாடே பேசியது. பூச்சிமருந்தைப் பிடிக்க வீரியக் கரி உதவும்.

ஆனால் தெலங்கானாவின் நல்கொண்டாப் பகுதியில் சிக்கல் வேறு. அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்குச் சாதாரண வீரியக் கரி போதாது. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு தண்ணீரைத் தெளிய வைக்கும் முறை ஒன்று உண்டு. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கியது. அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர்.

மேற்கு வங்காளத்தில் பல மாவட்டங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது. அதற்கும் சாதாரண வீரியக் கரியை நம்ப முடியாது. அதற்கென வேறு வடிகட்டிகள் இருக்கின்றன.

கிருமிகளைக் கொல்லத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அல்லது சரியான அளவு குளோரின் போட வேண்டும். ஆகவே முதலில் நம் ஊர்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். என்ன கெடுதல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மருந்து தேட வேண்டும்.

கரிக்கும் ஆயுள் உண்டு

கரியின் சுவர்கள் ஒருநாள் நிறைந்துவிடும். இடம் இல்லாவிட்டால் புது அழுக்கு ஒட்டாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆனால் சுத்தம் ஆகாது. பழைய கரியில் கிருமிகளும் வளரும். அப்போது வடிகட்டியே நோய்க்கு இடம் ஆகிவிடும்.

வடிகட்டியின் பெட்டியைப் பாருங்கள். எத்தனை லிட்டருக்குப் பிறகு, அல்லது எத்தனை மாதத்துக்குப் பிறகு கரியை மாற்ற வேண்டும் என்று அதில் எழுதி இருக்கும். அதை நீங்களே படிக்கலாம். மாற்றிய தேதியைச் சுவரில் உள்ள காலண்டரில் குறித்து வையுங்கள். கடைக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விஷம் குடித்தவருக்குக் கரி

பூச்சிமருந்து குடித்து உயிர் விடுபவர்கள் நம் நாட்டில் பலர். தெரியாமல் குடிக்கும் குழந்தைகளும் உண்டு. மருத்துவமனையில் சிலருக்கு வீரியக் கரித் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். கரி வயிற்றில் உள்ள விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மலத்தோடு வெளியேறும். விஷம் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் அடுப்புக் கரியைக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. அதற்கு அந்தச் சக்தி இல்லை. நேரம்தான் வீணாகும். மயங்கியவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். உயிரே போகலாம்.

எல்லா விஷத்துக்கும் வீரியக் கரி உதவாது. மண்ணெண்ணெய், அமிலம், சாராயம், இரும்புச் சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு உதவாது. எதற்குக் கொடுக்கலாம் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை:
உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பல மாநிலங்களில் 108 எண்ணை அழைத்தால் வண்டி வரும்.
சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.
குடித்த மருந்தின் டப்பாவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

இது வீட்டில் செய்யும் வேலை அல்ல

கரி சுடுவது நம் மக்களுக்குப் பழகிய தொழில். குஜராத்தில் கட்ச் பகுதியில் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரி சுடுகிறார்கள். அது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஆனால் அமிலம் கலந்து வீரியம் ஏற்றுவது வேறு வேலை. அடுப்பில், பானையில் செய்து பார்க்கக் கூடாது. சூடான அமிலம் தெறித்தால் தோலும் கண்ணும் வெந்துவிடும். அமிலப் புகை நெஞ்சைக் கெடுக்கும். சரியாகக் கழுவாத கரியில் அமிலம் தங்கிவிடும். அந்தக் கரியில் வடித்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

ஆலையில் வேலை செய்பவர்களும் தங்கள் பாதுகாப்பைக் கேட்டுப் பெற வேண்டும். கையுறை வேண்டும். கண்ணாடி வேண்டும். மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி வேண்டும். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் வேண்டும். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. ஈரமான வீரியக் கரி காற்றில் உள்ள பிராணவாயுவையும் பிடித்துக்கொள்ளும். மூடிய தொட்டியில் ஈரக் கரி கிடந்தால் உள்ளே பிராணவாயு குறைந்துவிடும். நாற்றம் இருக்காது. புகை இருக்காது. ஒன்றும் தெரியாது. இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். எனவே தொட்டிக்குள் காற்றுச் செலுத்தி, சோதித்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். "சும்மா இறங்கு, ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் இறங்கக் கூடாது.

ஊருக்கு என்ன வேலை?

மரத்தூள், சிரட்டை ஆகியவை குப்பை அல்ல. அவற்றுக்கு விலை உண்டு. மகளிர் குழுக்கள் சிரட்டையைச் சேர்த்து ஆலைக்கு விற்கலாம். மண் இல்லாமல், ஈரம் இல்லாமல் இருந்தால் நல்ல விலை கேட்கலாம். எடைச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், கிலோ என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

ஊரில் ரசாயன வழி ஆலை வந்தால் கேள்வி கேட்கவும் வேண்டும். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? அமிலத்தைத் திரும்ப எடுக்கிறார்களா? மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா? 1974-ம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, கழிவு நீரை வெளியே விடும் ஆலைக்கு அந்த அனுமதி கட்டாயம். கிராம சபையில் எழுந்து இதைக் கேட்கலாம். பதிலை எழுத்தில் தரச் சொல்லலாம்.

வேலையும் வேண்டும். வாய்க்கால் தண்ணீரும் நன்றாக இருக்க வேண்டும். அமிலத்தைத் திரும்ப எடுக்கும் ஆலையால் இரண்டையும் தர முடியும்.

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். இரண்டிலும் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி அடுப்புக் கரித் தூள் போடுங்கள். மற்றதில் அதே அளவு வடிகட்டிக் கரியைப் பொடித்துப் போடுங்கள். நன்றாகக் கலக்கி, ஒரு நாள் தெளிய விடுங்கள். எந்த டம்ளரில் நீலம் அதிகம் குறைந்தது என்று பாருங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

கூடிப் பேசுங்கள்

1. அடுப்புக் கரிக்கும் வீரியக் கரிக்கும் என்ன வேறுபாடு?
2. கழுவிய பிறகுதான் துளை கிடைக்கிறது. ஏன்?
3. நம் ஊர்த் தண்ணீரில் என்ன குறை இருக்கிறது? அதை எங்கே சோதிக்கலாம்?
4. நம் வீட்டு வடிகட்டியில் கரியைக் கடைசியாக எப்போது மாற்றினோம்?
5. நம் ஊரில் மரத்தூளும் சிரட்டையும் எங்கே போகின்றன?